பின்னணி கழித்தல்

விண்ணப்பத்தின் ஏழாம் பெட்டி:
"இதுவரை செய்த ஆய்வை
இருநூறு சொற்களுக்குள் விவரிக்க."
கோடையில் பத்துக் கிழமை, தூர தேசம்,
பெரிய தொலைநோக்கி, சின்ன உதவித்தொகை.
கேட்கிறவர்களுக்குப் பண்ணைப் பாலம் தெரியாது.
தெரியவேண்டும் எண்டும் இல்லை.

எழுதினேன்:
ஓர் இரட்டை விண்மீன். ஒன்றை ஒன்று மறைக்கும்.
இரண்டு நாள் இருபது மணி
நாற்பத்தொன்பது நிமிடத்துக்கு ஒருமுறை
ஒளி மூன்றில் ஒன்றாகும். அளந்தோம்.

பதினேழு சொல்.

அளந்தது
ஜெறாட்டின் மச்சான் கலியாண வீடுகளில் படம் எடுக்கிற கமராவால்.
மார்கழியில் முகூர்த்தம் இல்லை,
அதால்தான் அது எங்கள் கைக்கு வந்தது.
மழை விட்ட இரவுகள் ஆறு.
ஆறில், மறைப்பு இருட்டோடு பொருந்தினது இரண்டு.
முதலாவதை மேகம் தின்றது.

மற்றதுக்குப் பாலத்தடியில் முக்காலி ஊன்றினோம்.
கடலேரிச் சேற்று மணம். நுளம்பு.
மிதுலாயினி நேரம் சொல்ல, ஜெறாட் பொத்தானை அமத்த,
நான் கொப்பியில் எழுத.
குவியத்தை வேணுமெண்டே குலைத்து வைத்தோம்.
கூராய் எடுத்தால் நடுப்புள்ளி நிரம்பி வழியும்,
எண் பொய் சொல்லும்;
மங்கலாய்ப் பரவவிட்டால்தான்
ஒளியை முழுசாய் எண்ணி முடிக்கலாம்.
இதை விளங்கப்படுத்தினபோது அம்மா,
"அப்ப உங்களுக்குப் படம் எடுக்கவே தெரியாதோ?" எண்டா.

ஒன்பது நாற்பத்திரண்டு.
காவலரணில் இருந்து ரோச் லைற்
நேரே வில்லைக்குள்.
வரைபில் அந்தப் புள்ளி
மற்ற எல்லாத்துக்கும் மேலே தனியாய் நிற்கிறது,
விண்மீன் ஒருக்கால் மங்க மறந்த மாதிரி.

முக்காலி என்ன, பெட்டி என்ன,
இரவில் ஏன், அடையாள அட்டை எங்கே.
மிதுலாயினிக்குக் கை நடுங்கியது.
எனக்கும்தான். கொப்பியில்
அந்தப் பக்கத்து எழுத்து மட்டும் கோணல்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உதவின சொல் ஒன்று: தரு.
நட்சத்திரம். கையால் காட்டினேன்.
அவனுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும்.
காட்டின இடத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
திரையில் பிதுங்கி நின்ற வெள்ளை வட்டத்தைப் பார்த்தான்.
நம்பின மாதிரித் தெரியவில்லை.
திரும்பிப் போனான்.

பிறகு காவலரணின் பெரிய விளக்கு அணைந்தது.

இருபது நிமிடம்.
மின்வெட்டு எண்கிறான் ஜெறாட்.
அங்கால் மண்டைதீவில் லைற் எரிந்ததைக்
கண்டேன் எண்கிறாள் மிதுலாயினி.
கருதுகோள் இரண்டு, தரவு ஒன்று.

வரைபில் தெரிவது இவ்வளவுதான்:
ஒன்பது ஐம்பத்தொன்று தொடங்கிப் பத்து பதினொன்று வரை
வழுக்கோடுகள் பாதியாய்க் குறுகுகின்றன.
விண்மீன் இறங்கிப் போவது
அதற்குள்தான் சுத்தமாய்த் தெரிகிறது.
இந்த ஆய்வு முழுவதிலும்
நல்ல தரவு எண்டால் அதுதான்.

மேடம் கேட்டா, "அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்துவிடலாமே?"
எடுக்கலாம். காரணம் எழுதவேண்டும்.
அந்த ஆளை நன்றியுரையில் போடுவதா,
வழு மூலங்களில் போடுவதா எண்டு
கன்ரீனில் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை.
"ரெண்டிலும் வேண்டாம்" எண்டான் ஜெறாட்.
அவன்ரை பெரியப்பாவின் வள்ளம் முன்னொரு இரவு
இதே கடலேரிக்குள் போய் வரவில்லை.
அப்பவும் முதலில் வந்தது ஒரு வெளிச்சந்தானாம்.
நானும் மிதுலாயினியும்
ஆறின தேத்தண்ணியைக் குடித்தோம்.

ஏழாம் பெட்டியில் இப்போது நூற்றுத் தொண்ணூற்றாறு சொல்.
"புறவொளி ஒரு தரவுப் புள்ளியைப் பாதித்தது"
எண்ட வரியை வெட்டவில்லை.
அணைந்த விளக்குக்கு
நாலு சொல் இடம் மிச்சம் இருந்தது.
எழுதி, அழித்து, எழுதி,
வெறுமையாய் விட்டு அனுப்பினேன்.

கமராவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
தை பிறந்துவிட்டது.
ஜெறாட்டின் மச்சானுக்கு இந்தக் கிழமை மட்டும்
நாலு கலியாணம்.